விளக்குப் போடுகிறவள்

விளக்கு வைக்கிற நேரத்தில் என் வேலை தொடங்கும்.
பனாமா நகரம், கோஸ்தா தெல் எஸ்தே,
ஐம்பத்திரண்டு மாடிக் கண்ணாடிக் கோபுரம்.
என் கையில் பதினேழு சாவி அட்டைகள்.
பதினேழு வீடுகளிலும் ஒருவருமில்லை.

வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள்
கீழே காரை நிறுத்தி அண்ணாந்து பார்ப்பார்களாம்.
இருட்டாக இருந்தால்
கட்டடத்தில் ஏதோ கோளாறென்று திரும்பிவிடுவார்களாம்.
மேலாளர் லிசந்த்ரோ சொன்னார்:
“எதில்சா, ஆள் இருக்கிற இடத்துக்குத்தான் ஆள் வரும்.”
அதனால் மாலைதோறும்
நான்தான் அந்த ஆட்கள்.

22-இ: சமையலறை விளக்கு மட்டும்.
அங்கே ஒரு பல் மருத்துவர் இருப்பதாக வைத்துக்கொண்டேன்,
தாமதமாக வருகிறவர்,
நின்றபடியே சாப்பிடுகிறவர்.
29-ஏ: இரட்டைக் குழந்தைகள்.
ஒன்றுக்கு இருட்டென்றால் பயம்.
பள்ளிக்கூட நாளில் எட்டு மணிக்கு அணைத்துவிடுவேன்,
வெள்ளிக்கிழமை ஒன்பதரை வரை விடுவேன்.
41-பி-யில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சில்லை.
இரண்டு அறையில் இரண்டு விளக்கு,
மூன்று வாரமாக.
மின்கட்டணம் ஏறியதைக் கேட்டார் மேலாளர்.
சமாதானமானால் ஒன்றாகிவிடும் என்றேன்.
கணினியைப் பார்த்தபடியே தலையாட்டினார்.

வாடகை எனக்கு மனப்பாடம்:
மாதம் மூவாயிரத்து எண்ணூறு டாலர்,
முன்பணம் இரண்டு மாதம்,
நீச்சல்குளம், மதுக்கூடம்,
நாய் குளிப்பாட்ட ஓர் அறை, வெந்நீரோடு.
சான் மிகெலித்தோவில் எங்கள் தெருவுக்கு
ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர்.
குறையாகச் சொல்லவில்லை.
நாய்க்கு வெந்நீர் பிடிக்குமா என்றுதான் யோசித்தேன்.

பெப்ரவரியில் 38-சி நிஜமாகவே வாடகைக்குப் போயிற்று.
தெல்மிரா கஸ்தியேரோ. அறுபது தாண்டியவள், தனியாள்,
நான்கே பெட்டிகள்.
அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.
அங்கே நான் குடிவைத்திருந்த பியானோ ஆசிரியரிடம்
எங்கே போவதென்று ஒன்றும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் மேலாளர் கூப்பிட்டார்:
“38-சி தினமும் இருட்டாகக் கிடக்கிறது, போய்ப் பார்.”
தட்டினேன். கதவு திறந்தது.
உள்ளே கும்மிருட்டு.
விளக்கு கெட்டுவிட்டதா அம்மா?
“விளக்குக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே வா.”

சுவர் முழுக்கச் சன்னல்.
கண் பழகக் கொஞ்சம் பிடித்தது.
பிறகு வந்தன கப்பல்கள்.
கால்வாய்க்குள் நுழைய முறை பார்த்து
ஒன்று, நான்கு, பதினொன்று,
பேறுகால ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் போல
கனத்து,
ஒன்றையொன்று பார்க்காமல்.

“விளக்கைப் போட்டால் கண்ணாடியில் என் மூஞ்சிதான் தெரியும்.
அதைப் பார்க்கவா இவ்வளவு வாடகை?”

இருபத்தாறு வருடம் இந்தக் கப்பல்களுக்குச்
சுங்கக் கணக்கு எழுதினவளாம்,
சன்னலில்லாத ஓர் அறையில்.
சொந்த வீட்டை விற்றிருக்கிறாள்.
கடன்கள் போக மிச்சப் பணம்
பதினான்கு மாதம் தாங்குமாம்.

அதற்கப்புறம்?

“அதோ, அந்தச் சிவப்பு விளக்கைப் பார்” என்றாள்,
“நங்கூரம் தூக்குகிறான்.”

பழுது ஒன்றுமில்லை என்று மேலாளரிடம் சொன்னேன்.
காசு கொடுக்கிற ஒரே சன்னல் இருட்டு,
மீதிப் பதினாறும் ஜெகஜ்ஜோதி.
அவருக்கு அது சரியாகப் படவில்லை. பேசாமல் இருந்தார்.

நேற்று 41-பி-யில் இரண்டு விளக்கையும் அணைத்தேன்.
செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.
பளிங்கு சில்லென்றிருந்தது.
ஏழாவது கப்பலை எண்ணும்போது
கைபேசி அதிர்ந்தது.
“41-பி ஏன் இருட்டாக இருக்கிறது?”

ஆள் வந்திருக்கிறது, என்றேன்.